யாருடைய மகன் அப்தி?

2021 ஆகஸ்ட் 8. ஜப்பானின் சப்போரோ நகரத் தெருக்களில் டோக்கியோ ஒலிம்பிக்கின் மாரத்தான் ஓட்டம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. தங்கம் யாருக்கு என்பதில் சந்தேகம் இல்லை. கென்யாவின் எலியுட் கிப்சோகே எப்போதோ தனியாகப் பிரிந்து போய்விட்டார். மிச்சமிருந்த இரண்டு பதக்கங்களுக்கு மூன்று பேர் மல்லுக்கட்டினார்கள். அவர்களில் முன்னால் ஓடிய நெதர்லாந்துக்காரர், கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். கையை வீசி வீசி, வா வா என்று யாரையோ அழைத்தார். அந்த அழைப்பு, பின்னால் தவித்துக்கொண்டிருந்த பெல்ஜியம் வீரருக்கு. அவர் எங்கிருந்தோ ஒரு மூச்சைத் திரட்டி, கென்யாவின் லாரன்ஸ் செரோனோவை முந்தி வந்து சேர்ந்தார். நெதர்லாந்துக்கு வெள்ளி, பெல்ஜியத்துக்கு வெண்கலம். இருவருக்கும் இடையே இரண்டே விநாடி.

முடிவுப் பட்டியலில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்தன: அப்தி நகீயே, பஷீர் அப்தி.

இருவரும் மொகதிஷுவில் பிறந்தவர்கள். இருவரும் 1989-இல் பிறந்தவர்கள். சோமாலியா சிதறியபோது சிறுவர்களாக வெளியேறி, ஐரோப்பாவில் அடுத்தடுத்த நாடுகளில் வளர்ந்தவர்கள். ஒன்றாகப் பயிற்சி செய்கிறவர்கள். ஒருவருக்கு 'அப்தி' முன்னால் நிற்கிறது, இன்னொருவருக்குப் பின்னால். முன்னவருக்கு அது அம்மா கூப்பிடும் பெயர். பின்னவருக்கு அது அவர் பெயரே இல்லை; அவருக்கு முன் பிறந்த ஒருவருடைய பெயர்.

தேடத் தொடங்கினால் அப்திகளுக்குப் பஞ்சமில்லை. 1987-இல் ரோம் நகரில் 1500 மீட்டரில் உலகப் பட்டம் வென்ற சோமாலியர் அப்தி பிலே. 'கேப்டன் பிலிப்ஸ்' படத்தில் கடற்கொள்ளையர் தலைவனாக நடித்து 2014-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனவர் பர்காத் அப்தி. அதே படத்தில் இன்னொரு கொள்ளையனாக வந்தவர் பர்காத் அப்திரஹ்மான். (அந்தப் படப்பிடிப்பில் உதவி இயக்குநர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட என்ன பாடுபட்டிருப்பார்களோ.) 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது ஊரெல்லாம் ஒலித்த பாட்டைப் பாடிய கெய்னானின் முழுப்பெயர் கெய்னான் அப்தி வார்ஸமே. முன்னால், நடுவில், பின்னால் என்று எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளும் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, இன்று எங்கெல்லாம் இருக்கிறது?

கழன்று விழும் தாத்தா

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சோமாலியர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பிள்ளைக்கு ஒரு பெயர், அதன் பின்னால் அப்பா பெயர், அதன் பின்னால் தாத்தா பெயர். அவ்வளவுதான். ஒரு பேச்சுக்கு, யூசுப் அப்தி வார்ஸமே என்று ஒருவர். அவர் பெயர் யூசுப், அப்பா அப்தி, தாத்தா வார்ஸமே. யூசுபுக்கு மகள் பிறந்து ஹோதன் என்று பெயர் வைத்தால், அவள் ஹோதன் யூசுப் அப்தி. வார்ஸமே தாத்தா வாலிலிருந்து கழன்று விழுந்துவிட்டார். மனைவி ஸஹ்ரா ஹசன் ஜாமா; கல்யாணத்துக்கு முன்னும் அதே பெயர், பின்னும் அதே பெயர். கணவன் பெயரை ஒட்டிக்கொள்ளும் வழக்கமே அங்கு இல்லை. ஆக, ஒரே வீட்டில் அப்பா வார்ஸமே, அம்மா ஜாமா, மகள் அப்தி. மூன்று பாஸ்போர்ட்டையும் விரித்துப் பார்க்கும் லண்டன் விமான நிலைய அதிகாரிக்கு இவர்கள் ஒரே குடும்பம் என்பதற்கு என்ன அத்தாட்சி?

இனிஷியல் போடும் நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டாம். விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்துக்கு முன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு திகைத்தவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நாம் அப்பாவை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் வைத்தோம். அவர்கள் முழுசாகப் பின்னால் வைத்தார்கள்.

பாஸ்போர்ட்டில் மூன்று பெயர். ஆனால் வாயில் முப்பது. சோமாலிச் சிறுவனுக்கு விவரம் தெரியும் வயதிலேயே வீட்டில் ஒரு பாடம் தொடங்கும்: அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூல முன்னோர் வரை ஒவ்வொரு பெயராக ஒப்பிக்க வேண்டும். இதற்கு 'அப்திர்ஸி' என்று பெயர். முன்னோரை எண்ணுதல் என்று பொருள். தமிழ் எழுத்தில் 'அப்தி'யும் 'அப்திர்ஸி'யும் அண்ணன் தம்பி போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒன்று அரபி வேர், மற்றது அசல் சோமாலி.

ஒட்டகம் மேய்க்கும் மக்களுக்கு வீட்டு எண்ணும் இல்லை, தெருவும் இல்லை. மழை எங்கே பெய்கிறதோ அங்கே குடிசையை அவிழ்த்துக் கட்டுவார்கள். பாலைவெளியில் எதிரே வருகிறவன் யார், அவனை நம்பித் தண்ணீர்க் கிணற்றைப் பகிரலாமா என்பதை இந்த ஒப்பித்தல்தான் சொல்லும். இரண்டு பேர் தங்கள் வரிசையைச் சொல்லச் சொல்ல, பதினைந்தாவது பெயரிலோ இருபதாவது பெயரிலோ ஒரே தாத்தா வந்து நிற்பார். உறவு அங்கே முடிவாகிவிடும். கொலை நடந்தால் இரத்தப் பணமாக எத்தனை ஒட்டகம், யார் யார் சேர்ந்து கட்டுவது என்பதும் இதே வரிசையை வைத்துத்தான். சோமாலியரை ஆயுள் முழுக்க ஆராய்ந்த மானுடவியலாளர் ஐ.எம். லூயிஸ், ஐரோப்பியனுக்கு முகவரி எப்படியோ சோமாலியனுக்கு வம்சாவளி அப்படி என்கிற பொருளில் எழுதினார். அவருடைய புத்தகம் 1961-இல் வந்தது. இன்றுவரை அதைவிட நறுக்கென்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த வரிசையில் பெண் கிடையாது. அப்பாவின் அப்பாவின் அப்பா மட்டும்தான். கணவன் பெயரை ஏற்காத சோமாலிப் பெண்ணைப் பார்த்து மேற்கத்தியப் பெண்கள் பொறாமைப்படலாம். ஆனால் அவள் பெயர் பேரப்பிள்ளைகளின் ஒப்பித்தலில் ஒருநாளும் வராது. வேடிக்கை என்னவென்றால், ஐஸாக் குலத்தின் பெரிய கிளைகள் சிலவற்றின் பெயர் ஹபர் அவல், ஹபர் யூனிஸ் என்று தொடங்குகிறது. 'ஹபர்' என்றால் தாய், கிழவி. எப்போதோ ஒரு தாயின் பெயரில் பிரிந்த கிளை, பிறகு தந்தைகளை மட்டும் எண்ணத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் முகமது, அகமது, அலி, ஹசன், அப்தி என்றால் அடையாளம் எப்படி? அதற்குத்தான் பட்டப்பெயர்; சோமாலியில் 'நானைஸ்'. இதில் தாட்சண்யமே கிடையாது. நெட்டையன் 'தேரே', குட்டையன் 'காப்', நொண்டுகிறவன் 'லங்கரே'. 2017 முதல் 2022 வரை நாட்டின் அதிபராக இருந்த முகமது அப்துல்லாஹி முகமதுவை ஊரே 'ஃபர்மாஜோ' என்றுதான் அழைக்கும். பாலாடைக்கட்டிக்கான இத்தாலியச் சொல் அது. 1993-இல் அமெரிக்கப் படையைத் திணறடித்த முகமது ஃபாரா 'ஐதீத்' என்பதில் கடைசிச் சொல், அவமதிப்பைப் பொறுக்காதவன் என்று பொருள்படும் பட்டப்பெயர். அவர் 1996-இல் இறந்ததும் இடத்தைப் பிடித்த மகன், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் ரிசர்வ் வீரராக இருந்தவர், ஹுசைன் ஃபாரா ஐதீத் என்றே அறியப்பட்டார். அப்பாவின் கோபத்துக்கு ஊர் வைத்த பெயர் மகனுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது.

யாருடைய அடியார்?

அரபியில் 'அப்த்' என்றால் அடியான். இறைவனுக்கு அடியான் அப்துல்லா. அருளாளனுக்கு அடியான் அப்துர் ரஹ்மான். சோமாலியர் நாக்கில் இவை அப்துல்லாஹி, அப்திரஹ்மான், அப்திரஷீத், அப்திகாதிர், அப்திவெலி என்றெல்லாம் ஆயின. இப்படிப்பட்ட நீளப் பெயர்களின் தலையை மட்டும் வெட்டி எடுத்தால் அப்தி. ராமதாஸ், மோகன்தாஸ் எல்லாரையும் நாம் 'தாஸ்' என்று கூப்பிடுவது போல. ஆனால் தாஸ் என்று மட்டும் சொன்னால் யாருக்கு தாசன் என்று தெரியாது. அப்தியும் அப்படித்தான்: யாருடைய அடியார் என்பதைச் சொல்லாமல் பாதியில் நிற்கும் பெயர். பலருக்கு இது செல்லச் சுருக்கம். பலருக்குப் பிறந்தபோது வைத்த முழுப்பெயரே இதுதான்.

இஸ்லாம் செங்கடலைக் கடந்து ஸெய்லா, பெர்பெரா துறைமுகங்கள் வழியாக மிகப் பழங்காலத்திலேயே இந்தக் கரைக்கு வந்தது. 1331-இல் இப்னு பதூதா வந்திறங்கியபோது மொகதிஷு செழிப்பான முஸ்லிம் வணிக நகரம். அரபிப் பெயர்கள் கடற்கரையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்குள் ஏறின. ஆனாலும் உள்ளூர்ப் பெயர்கள் போய்விடவில்லை. மழைநாளில் பிறந்தவன் ரோப்லே. இடம்பெயரும் பயணத்தில் பிறந்தவன் கேதி. நல்ல செய்தி வந்த வேளையில் பிறந்தவன் வார்ஸமே. வெற்றி பெற்றவன் குலேத். ஒரு சோமாலியரின் மூன்று பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் மெக்காவும் மேய்ச்சல் காடும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். அப்தி வார்ஸமே அதற்கு நல்ல உதாரணம்.

எழுத்தில் வந்தால் இன்னொரு குழப்பம். சோமாலி மொழிக்கு அரசு ஏற்ற எழுத்து முறை வந்ததே 1972 அக்டோபரில்தான். அதற்கு முன் அரபி எழுத்தா, லத்தீனா, 1920-களில் உஸ்மான் யூசுப் கெனதீத் உருவாக்கிய உஸ்மானியா எழுத்தா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. கடைசியில் லத்தீன் வென்றது. சாதாரண தட்டச்சு இயந்திரத்தில் உள்ள எழுத்துகளே போதும், புள்ளியும் கொம்பும் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். தொண்டைக்குள்ளிருந்து எழும் அரபி 'ஐன்' ஒலிக்கு, வேலையில்லாமல் கிடந்த 'சி' எழுத்தைக் கொடுத்தார்கள். அழுத்தமான 'ஹ'வுக்கு 'எக்ஸ்'. ஆகவே சோமாலியில் அப்தியின் முதல் எழுத்து 'சி'. ஹசன், 'எக்ஸ்'-இல் தொடங்குவார். இந்தப் பெயர்களை ஐரோப்பியர் வாசித்தால் 'காப்டி' என்றும் 'க்ஸாசன்' என்றும்தான் வரும். அதனால் வெளிநாடு போகும்போது 'சி'யைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

1972-க்கு முன்பே பெயர்களை எழுதத் தொடங்கியிருந்தவர்கள் காலனி ஆட்சியாளர்கள். அவரவர் காதுக்கு ஏற்றபடி எழுதினார்கள். ஜாமா என்ற ஒரே பெயர் பிரிட்டிஷ் சோமாலிலாந்தில் ஒரு விதம், பிரெஞ்சுக்காரரின் ஜிபூட்டியில் முன்னால் ஒரு 'டி' சேர்ந்து இன்னொரு விதம், இத்தாலியர் பகுதியில் 'ஜி'யில் தொடங்கி மூன்றாவது விதம். பெயரின் எழுத்துக்கூட்டைப் பார்த்தே இவர் தாத்தாவை ஆண்டது எந்தக் கொடி என்று சொல்லிவிடலாம். அப்தி மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது. லத்தீனில் நாலே எழுத்து, கெடுக்க இடமில்லை.

நட்சத்திரத்தின் ஐந்து முனை

சோமாலியக் கொடியில் நீல வானத்தில் ஒரு வெள்ளை நட்சத்திரம். 1954-இல் வடிவமைத்தது. ஐந்து முனை, சோமாலியர் வாழும் ஐந்து நிலங்கள்: பிரிட்டிஷ் சோமாலிலாந்து, இத்தாலிய சோமாலியா, இன்றைய ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் ஒகாதேன், கென்யாவின் வடகிழக்கு. முதல் இரண்டும் 1960-இல் சேர்ந்து ஒரு நாடாயின. ஜிபூட்டி 1977-இல் தனி நாடானது. மற்ற இரண்டும் அடுத்த வீட்டுக்காரர் வசமே நின்றுவிட்டன. அப்தி என்ற பெயரின் தாய்நிலம் இந்த ஐந்து முனைகளும்தான்.

தாய்நாட்டில் எத்தனை அப்திகள் என்று எண்ண வழியில்லை. 1975-க்குப் பிறகு அங்கே முறையாக வெளியான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தேசிய அடையாள அட்டையே இல்லாமல் இருந்த நாடு, 2023 செப்டம்பரில்தான் மறுபடி அட்டை கொடுக்கத் தொடங்கியது.

கென்யாவில் எண்ணியிருக்கிறார்கள். 2019 கணக்கெடுப்பில் சோமாலி இனத்தவர் சுமார் 27.8 லட்சம். ஆனால் இந்த நாட்டில் அப்தி என்ற பெயருக்கு வேறொரு கனம் உண்டு. சுதந்திரத்துக்கு முன்பே வடகிழக்குச் சோமாலியர் சோமாலியாவோடு சேர விரும்பினார்கள். 1963-க்குப் பிறகு அது பிரிவினைப் போரானது. 1984 பிப்ரவரியில் வாகல்லா விமான ஓடுபாதையில் சோமாலி ஆண்களை அடைத்துவைத்துக் கொன்றது கென்ய ராணுவம். 1989-இல் சோமாலியர் என்று தெரிந்தவர்களை மட்டும் தனியே விசாரித்து, இளஞ்சிவப்பு அட்டை கொடுத்தார்கள். பிறந்த நாட்டில் குடிமகன் என்று நிரூபிக்க ஒரு கூடுதல் அட்டை. 2014 ஏப்ரலில் நைரோபியில் சோமாலியர் நிறைந்த ஈஸ்ட்லீ பகுதியைச் சல்லடை போட்டு, பிடித்தவர்களைக் கசரானி விளையாட்டு அரங்கில் கொண்டுபோய் அடைத்தார்கள். சாலைத் தடுப்பில் அடையாள அட்டையை நீட்டும் அப்திக்குத் தன் பெயரே முதல் சாட்சி, அதுவும் எதிர்த்தரப்புச் சாட்சி.

எத்தியோப்பியாவில் இன்னொரு சிக்கல். அங்கே ஒரோமோ மக்களிடமும் அப்தி என்ற பெயர் உண்டு. ஒரோமோ மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள்; அரபி அடியானோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சோமாலியர் வாழும் ஜிஜிகாவில் ஓர் அப்தி அடியான், சில நூறு கிலோமீட்டர் மேற்கே போனால் அப்தி நம்பிக்கை. ஈரானிலும் அப்தி உண்டு. நகைச்சுவை நடிகர் அக்பர் அப்தியை அங்கே தெரியாதவர் இல்லை. உலகில் எந்தக் குடும்பப் பெயர் எத்தனை பேருக்கு என்று கணினி போடும் பட்டியல்கள் இந்த மூன்று கூட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டிவிடும். அந்தப் பட்டியல்களை நான் நம்புவதில்லை. அவை எண்ணுவது குடும்பங்களை இல்லை. அப்தி என்ற பெயருள்ள அப்பாக்களையும் தாத்தாக்களையும்.

உறைந்துபோன இடம்

வெளிநாட்டுக் கதை கப்பலில் தொடங்கியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஏடன் துறைமுகம் நீராவிக் கப்பல்களின் நிலக்கரிக் கிடங்கானதும், எதிர்க்கரையிலிருந்த சோமாலியர் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் வேலைக்கு ஏறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் அவர்களுக்கென்று விடுதிகள் இருந்தன. அங்கே செய்யாத கொலைக்காக 1952-இல் தூக்கிலிடப்பட்டவர் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிக் கப்பல் தொழிலாளி. தீர்ப்பு தப்பு என்று 1998-இல் ரத்தானது. வேல்ஸ்காரியான அவர் மனைவியும் பிள்ளைகளும் அத்தனை காலமும் சுமந்த பெயர் மத்தான். நதீஃபா முகமதுவின் நாவல் வழியாக இந்த வழக்கு 2021-இல் புக்கர் இறுதிப் பட்டியல் வரை போனது.

வேல்ஸ்காரர்களுக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் இல்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஆப்' என்றால் மகன். ஆப் ரீஸ், ஆப் ஓவன் என்று அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர்களை, பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டமும் ஆங்கிலப் பதிவேடும் பிடித்து நிறுத்தின. ஆப் ரீஸ் 'பிரைஸ்' ஆனார். ஆப் ஓவன் 'போவன்' ஆனார். நார்வேயில் இது நேற்று நடந்தது. நிலையான குடும்பப் பெயர் கட்டாயம் என்று 1923-இல் சட்டம் போட்டார்கள். இன்று அங்கே தடுக்கி விழுந்தால் ஹான்சன், ஓல்சன். ஹான்ஸின் மகன், ஓலாவின் மகன். எந்த ஹான்ஸ்? நூறு வருடத்துக்கு முன்னால் பதிவேட்டைத் திறந்த அன்று அப்பாவாக இருந்த ஹான்ஸ்.

அப்திக்கும் அதுதான் நடந்தது, சற்று வேகமாக. 1988-இல் சோமாலிய அதிபர் சியாத் பாரேயின் விமானங்கள் ஹர்கெய்ஸா நகரின் மீது குண்டு வீசின. 1991 ஜனவரியில் அவர் ஆட்சியே கவிழ்ந்தது. (இந்த பாரேதான் எழுபதுகளில் குலத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, எல்லோரும் தோழர் என்றே அழைக்க வேண்டும் என்று தடை போட்டவர். மக்கள் உடனே வழி கண்டுபிடித்தார்கள்: 'உங்கள் முன்னாள் குலம் எது?') லட்சக்கணக்கானோர் எத்தியோப்பியாவுக்கும், கென்யாவின் ததாப் முகாமுக்கும், ஏமனுக்கும் ஓடினார்கள். சிலர் மாஸ்கோவில் ரயிலேறி பின்லாந்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு படிவம். ஒவ்வொரு படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம்.

முன்னே சொன்ன யூசுப் அப்தி வார்ஸமேக்கு இரண்டு தம்பிகள் என்று வைத்துக்கொள்வோம். யூசுப் லண்டனில் மூன்று பெயரையும் சொன்னார். கடைசிச் சொல் வார்ஸமே, அதுவே குடும்பப் பெயர். ஒரு தம்பி டொரன்டோவில் இரண்டு பெயரோடு நிறுத்திக்கொண்டார். அவர் குடும்பம் அப்தி. மற்றவர் ஸ்டாக்ஹோமில் கொள்ளுத்தாத்தா ரோப்லே வரை சொன்னார். அவர் பிள்ளைகள் ரோப்லே. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கு மூன்று குடும்பப் பெயர். அதிகாரி 'போதும்' என்று சொன்ன இடத்தில் ஓடிக்கொண்டிருந்த வரிசை உறைந்துவிட்டது. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டார்கள். புத்தாண்டன்று அமெரிக்காவின் மினியாபோலிஸில் பிறந்தநாள் கொண்டாட வேண்டிய சோமாலியர்கள் ஆயிரக்கணக்கில்.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போனது. அகதிகளைக் குடும்பத்தோடு சேர்க்க அழைத்துவரும் திட்டத்தில், நைரோபியில் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தபோது, சொன்ன உறவு பலருக்குப் பொருந்தவில்லை. 2008-இல் திட்டத்தையே நிறுத்தினார்கள், 2012-இல் டி.என்.ஏ. கட்டாயம் என்ற நிபந்தனையோடு திறந்தார்கள். அதில் மோசடி இருந்தது உண்மை. செத்துப்போன அண்ணனின் பிள்ளையைத் தன் பிள்ளை என்று வளர்த்தவர்களும் இருந்தார்கள். இரண்டையும் பிரித்துச் சொல்ல இரத்தத் துளிக்குத் தெரியாது.

ஒரு பெயருக்காக விழுந்த அரசு

1992-இல் நெதர்லாந்தில் தஞ்சம் கேட்ட ஒரு பெண் தன் பெயரை அயான் ஹிர்ஸி அலி என்று எழுதினார். அதுவரை அவர் அயான் ஹிர்ஸி மகன். தமிழில் 'மகன்' என்று படித்து மயங்க வேண்டாம். அடைக்கலம் தருபவன் என்ற பொருளில் அவர் தாத்தாவுக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. தாத்தாவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அலி. அயான் 2003-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். இஸ்லாமை விமர்சித்து உலகப் புகழும் கொலை மிரட்டலும் பெற்றார். 2006 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இந்தப் பெயர் விவகாரத்தைக் கிளப்பியதும், குடியேற்றத் துறை அமைச்சர் ரீட்டா வெர்டோங்க் சொன்னார்: பொய்ப் பெயரில் வாங்கிய குடியுரிமை செல்லாது. இருவரும் ஒரே கட்சி. பெரும் அமளிக்குப் பிறகு ஜூன் கடைசியில் அமைச்சர் பின்வாங்கினார்: சோமாலி முறைப்படி தாத்தாவின் பெயரைப் பயன்படுத்த அவருக்கு உரிமை உண்டு, ஆகவே 'அலி' பொய்ப் பெயரே இல்லை. இந்தக் குளறுபடியைப் பொறுக்காமல் கூட்டணியிலிருந்த ஒரு கட்சி ஆதரவை விலக்க, பிரதமர் பால்கெனெண்டேயின் அமைச்சரவை கவிழ்ந்தது. ஒரு தாத்தாவுக்கு இரண்டு பெயர் இருந்ததில் தொடங்கி ஓர் ஐரோப்பிய அரசு விழுந்த வேறொரு கதை எனக்குத் தெரியாது.

அதைவிடக் கனமான கதை 2022 ஜூலையில் வெளிவந்தது. லண்டன், ரியோ ஒலிம்பிக்குகளில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்று 'சர்' பட்டமும் பெற்ற மோ ஃபாரா, பி.பி.சி. ஆவணப்படத்தில் சொன்னார்: நான் மோ ஃபாரா இல்லை. சோமாலிலாந்தில் பிறந்தவர், நாலு வயதில் உள்நாட்டுச் சண்டையில் அப்பாவை இழந்தவர். ஒன்பது வயதுவாக்கில் ஒரு பெண் அவரை வேறொரு சிறுவனின் பெயரில் லண்டனுக்குக் கொண்டுவந்து வீட்டு வேலைக்காரனாக வைத்திருந்தார். முகமது ஃபாரா என்பது அந்த இன்னொரு சிறுவனின் பெயர். பள்ளி விளையாட்டு ஆசிரியர் ஒருவரிடம் சிறுவன் உண்மையைச் சொன்னதால் அந்த வீட்டிலிருந்து தப்பித்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவருடைய சொந்தப் பெயர் ஹுசைன் அப்தி காஹின்.

அப்தி! அப்பா பெயர்.

இந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 2020 செப்டம்பர் 4, பிரஸ்ஸல்ஸ். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்ற உலக சாதனைக்கான ஓட்டம். கடைசி வரை இரண்டு பேர் ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். முதலாமவர் 21,330 மீட்டர் ஓடிப் புதிய சாதனை படைத்தார். இரண்டாமவர் வெறும் எட்டு மீட்டர் பின்னால். முதலாமவர் மோ ஃபாரா. இரண்டாமவர் பஷீர் அப்தி. பிறந்த பெயரில் ஓடியிருந்தால் அறிவிப்பாளர் ஹுசைன் அப்தி, பஷீர் அப்தி என்று வாசித்திருப்பார். அண்ணன் தம்பியா என்று பார்வையாளர்கள் கேட்டிருப்பார்கள். பஷீருக்கு இந்த ரகசியம் அப்போது தெரியுமோ தெரியாதோ. ஹுசைன் 2015-இல் பிறந்த தன் மகனுக்கு வைத்த பெயர் ஹுசைன். பிறரிடமிருந்து வந்த பெயரில் தான் ஓடிக்கொண்டு, தன் பெயரை மகனிடம் கொடுத்துவிட்டார்.

ஆஸ்லோவில் ஒரு பேத்தி

2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தங்களைச் சோமாலியர் என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 1,76,000. சோமாலியாவில் பிறந்து ஸ்வீடனில் வாழ்பவர்கள் சுமார் 70,000. நார்வேயில், அங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து, 40,000-க்கு மேல். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலம்தான் அவர்களின் தலைநகரம் போல. இந்த நாடுகளில் எல்லாம் அப்தி இப்போது ஒரு குடும்பப் பெயர். அஞ்சல் பெட்டிகளிலும் பல் மருத்துவரின் கதவிலும் பள்ளி வருகைப் பதிவிலும் இருக்கிறது.

ஆஸ்லோவில் பிறந்த பேத்தி ஒருத்தி, இவள் வேறொரு ஹோதன். பள்ளிப் பதிவில் அவள் ஹோதன் அப்தி. பாட்டியிடம் போனால் அவள் ஹோதன் யூசுப். அவள் பிள்ளையும், பிள்ளையின் பிள்ளையும் அப்தியாகவே இருக்கலாம். அந்த அப்தி யார் என்று அப்போது கேட்டால், ஒட்டகம் மேய்த்த ஒரு கிழவர் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. முப்பது பெயரை மனப்பாடமாகச் சொன்ன மரபில், ஒரே ஒரு பெயர் மட்டும் சட்டத்தின் காவலில் மிஞ்சுகிறது. ஆஸ்லோவிலும் டொரன்டோவிலும் இவர்களுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஈழத் தமிழர்களுக்கும் இந்தக் கதை தெரியும். அங்கே அப்பாவின் இயற்பெயர் மனைவி மக்கள் அத்தனை பேருக்கும் குடும்பப் பெயராகி உட்கார்ந்திருக்கிறது.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பஷீர் அப்தி வெள்ளி வென்றார். நவம்பரில் நியூயார்க் மாரத்தானை அப்தி நகீயே வென்றார். இரண்டு நாளும் 'அப்தி வென்றார்' என்று தலைப்புப் போட்டிருந்தால் தப்பில்லை. ஆனால் அடுத்த முறை ஒரு சோமாலியரைச் சந்தித்தால், அட்டையில் உள்ள கடைசிச் சொல்லைப் பார்த்து 'மிஸ்டர் அப்தி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். அவர் அப்பாவையோ தாத்தாவையோ கூப்பிடுகிறீர்கள். முதலில் இருக்கும் பெயரைச் சொல்லுங்கள், அதுதான் அவர்.